கறுத்தால் என்ன?

போன ஞாயிறு, பெங்காலான் பாலாக் கடற்கரை. “வெயில்ல கறுத்துப் போயிடுவே, மேல ஏறு!” என்று மகளை அதட்டினேன். “தம்பி மட்டும் கறுக்க மாட்டானாம்மா?” என்றாள். என்னிடம் பதில் இல்லை.

அன்றிரவு கமலி மூர்த்தியைப் பற்றிப் படித்தேன். மாமல்லபுரத்து மீனவக் குடும்பத்துப் பெண். சிறுமியாகக் கவுன் அணிந்து, வெறுங்காலில் ஸ்கேட்போர்டு ஓட்டியவர். அவரையும், தனியாளாக வளர்த்த தாய் சுகந்தியையும் காட்டும் ‘கமலி’ என்ற படம் 2020இல் பாஃப்டா குறும்பட விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அலைச்சறுக்கிலும் இறங்கிய கமலி, 2024இல் மங்களூரு அருகே நடந்த இந்திய ஓபன் போட்டியில் மகளிர் பிரிவு, 16 வயதுக்குட்பட்டோர் பிரிவு இரண்டிலும் வென்றார். அந்தத் தாய் மகளைக் கரையேறச் சொல்லவில்லை.

நம் மலாக்கா நீரிணையில் சறுக்கும் அளவுக்கு அலை இல்லை. அதற்கு ஆண்டிறுதி மழைக்காலத்தில் செராத்திங் போக வேண்டும். ஆனால், நீந்த இந்தக் கடல் போதுமே! கோலா சுங்கை பாருவில் கடலருகே வாழும் நம் பெண்பிள்ளைகளில் எத்தனை பேருக்கு நீச்சல் தெரியும்? எனக்கே தெரியாது.

நீச்சல் வகுப்புக்கு இரண்டு பெயர் கொடுத்திருக்கிறேன். ஒன்று மகளுடையது. மற்றது என்னுடையது.