நாற்று வாங்கும்போது தேனீயையும் நினையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஆடிப்பட்டம் நெருங்குகிறது. மாடித்தோட்டத்துக்கு நாற்றும் மருந்தும் வாங்க நர்சரிக்குக் கிளம்பும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை.

பூசணிப் பூ விடியலில் விரிந்து நண்பகலுக்குள் வாடிவிடுகிறது. அந்தச் சில மணி நேரத்துக்குள் தேனீ வந்து மகரந்தம் சேர்க்காவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்துவிடும். சென்ற ஆண்டு என் தொட்டிகளில் பிஞ்சுகள் அப்படித்தான் உதிர்ந்தன. பூவைச் சுற்றும் கொசுத்தேனீக்களையே காணோம். அசுவினிக்கென்று கடையில் தந்த மருந்தை அதற்கு முன் வேரில் ஊற்றியிருந்தேன். பிறகுதான் புட்டியைத் திருப்பிப் படித்தேன்: இமிடாகுளோபிரிட். வேர்வழியே ஏறி, மகரந்தத்திலும் பூந்தேனிலும் கலக்கும் நஞ்சு அது. திறந்தவெளியில் அதைப் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் தடை விதித்தது.

மருந்துப் புட்டியின் நச்சுக் குறியில் பச்சை நிறம் இருந்தால் ஆபத்தில்லை என்று பலரும் நினைக்கிறார்கள். அந்த நிறம் மனிதரையும் விலங்குகளையும் கருதிப் போடப்பட்டது. தேனீயைக் கருதி அல்ல.

எனவே, நாற்றுக்கு என்ன மருந்து அடித்தார்கள் என்று கேட்டு வாங்குங்கள். அசுவினிக்கு வேப்பெண்ணெய்க் கரைசலே போதும். அதையும் பூவில் படாமல், பொழுது சாய்ந்தபின் தெளியுங்கள். தேனீக்கள் வர, ஓரமாக ஒரு தொட்டியில் துளசியைப் பூக்க விடுங்கள். விற்பவர்களும் மருந்தின் பெயரை நாற்றுப் பையிலேயே எழுதி ஒட்ட வேண்டும். தேனீ வராத தோட்டத்தில் பூசணி காய்க்காது.

இப்படிக்கு,
மாடித்தோட்ட வாசகி, மதுரை