டைம் அவுட்: கையில் பந்து இருந்தால் போதாது

கடைசி நிமிடம். தரையில் புரளும் பந்தின் மேல் இரண்டு வீரர்கள் விழுகிறார்கள். ஒருவர் பந்தை இழுத்து அணைத்துக்கொண்டு டைம் அவுட் சைகை காட்டுகிறார்; அவருடைய பெஞ்சும் கூடவே கத்துகிறது. சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப்படி நடக்கும் எந்தப் போட்டியிலும் அந்தச் சைகைக்காக நடுவர் விசில் ஊதக்கூடாது என்பதே எங்கள் நடுவர் சங்கத்தின் நிலைப்பாடு.

ஃபிபா விதியில் டைம் அவுட் கேட்கும் உரிமை ஆடுபவருக்கு இல்லை. தலைமைப் பயிற்சியாளரோ முதல் துணைப் பயிற்சியாளரோ ஸ்கோரர் மேசையில்தான் கேட்க வேண்டும். கேட்டதும் கிடைத்துவிடாது. பந்து ஆட்டத்தில் இல்லாமல், கடிகாரம் நின்று, நடுவர் மேசைக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த பிறகே வாய்ப்பு திறக்கும். ஆனால் ஓடும் ஆட்டத்தில் கூடை விழுந்தால், அதை விட்டுக்கொடுத்த அணிக்கு அந்த வாய்ப்பு உண்டு.

குழப்பம் அமெரிக்க ஆட்டங்களைப் பார்ப்பதால் வருகிறது. அங்கே பந்து ஆட்டத்தில் இருக்கும்போதே அதை வைத்திருப்பவர் டைம் அவுட் கேட்கலாம். அதனால் பந்து உண்மையில் அவர் வசம்தானா என்று நடுவர் நொடியில் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்கப் பள்ளி விதியில், பந்தைப் பிடித்திருந்தாலோ டிரிபிள் செய்தாலோதான் அது வீரரின் கட்டுப்பாடு. பாஸ் காற்றில் போகும்போது பந்து அணியின் வசம், எந்த வீரரின் வசமும் இல்லை. டிரிபிள் கைநழுவி ஓடினாலும் அப்படித்தான். இரண்டு நேரத்திலும் டைம் அவுட் கிடையாது.

கட்டுப்பாடு தெளிவாக இருந்தும் விபரீதம் நேர்ந்ததுண்டு. 1993 அமெரிக்கக் கல்லூரி இறுதி ஆட்டத்தில், 73-71 என மிச்சிகன் பின்தங்கியிருக்க, 11 நொடிகள் மிச்சமிருந்தன. இருவர் நெருக்கி மடக்கியதும் மிச்சிகன் வீரர் கிறிஸ் வெபர் டைம் அவுட் கேட்டார். அணியிடம் ஒன்றுகூட மீதமில்லை. டெக்னிக்கல் ஃபவுல், வட கரோலினா 77-71 என வென்றது. ஃபிபா ஆட்டமாக இருந்திருந்தால் அந்தச் சைகைக்கு எந்த விளைவும் இல்லை, ஆட்டம் தொடர்ந்திருக்கும். இந்தப் பாதுகாப்பை உள்ளூர்ப் போட்டிகள் இரக்கத்துக்காகத் தளர்த்தக்கூடாது. தவறாக ஊதிய ஒரு விசில், பந்தைத் தட்டிப் பறிக்கவிருந்த எதிரணியின் வாய்ப்பைக் கெடுத்துவிடும்.

போட்டி அமைப்பாளர்களிடம் சங்கம் கேட்பது இதுதான்: பயிற்சி பெற்றவர்களை மேசையில் உட்கார வையுங்கள். முதல் பாதியில் 2, இரண்டாம் பாதியில் 3, கூடுதல் நேரம் ஒவ்வொன்றிலும் 1 என்ற டைம் அவுட் கணக்கைப் பயிற்சியாளர்களுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். நான்காம் கால்பகுதியின் கடைசி 2 நிமிடங்களில் அந்த மூன்றில் இரண்டுக்கு மேல் கிடையாது. கையிருப்பு தீர்ந்ததும் நடுவர் வழியாகப் பயிற்சியாளருக்குத் தெரிவிப்பது ஸ்கோரரின் கடமை. பல இடங்களில் விடுபடுவது இதுவே.