பீரோவில் பூட்டிய கதைப் புத்தகம்!

கிழிந்தால் கிழியட்டும், பிள்ளைகள் கையில் கொடுங்கள்

சென்னையில் ஒரு பள்ளிக்கூடம். இரண்டாம் வகுப்பு. சுவர் ஓரமாக ஒரு இரும்பு பீரோ. உள்ளே வண்ணப் படம் போட்ட கதைப் புத்தகங்கள். பீரோவுக்குப் பூட்டு. சாவி தலைமை ஆசிரியர் மேஜையில்!

"டீச்சர், அந்த யானை புக்கு குடுங்க டீச்சர்" என்று கேட்கிறாள் ஒரு சிறுமி.

"கிழிச்சிட்டீன்னா யாரு பதில் சொல்றது? போய் உட்காரு!"

இது ஒரு பள்ளிக்கூடத்துக் கதை அல்ல. பல இடங்களில் இதே நிலைதான்.

ஆசிரியரை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. ஒவ்வொரு புத்தகமும் நம்பர் போட்டு இருப்புப் பதிவேட்டில் ஏறியிருக்கிறது. ஒன்று குறைந்தால் கணக்குக் கேட்பார்கள். ஒருவரும் தொடாமல் புதிதாகவே இருந்தால்? ஒரு கேள்வியும் கிடையாது! பிறகு யார்தான் பீரோவைத் திறப்பார்கள்?

வந்துச்சு - வந்தது

247 எழுத்தையும் ஒப்பித்துவிட்டால் பிள்ளைக்குப் படிக்க வந்துவிட்டது என்று பெற்றோர் நினைக்கிறார்கள். அது தவறு.

வீட்டில் பிள்ளை பேசுவது "பூனை வந்துச்சு". புத்தகத்தில் இருப்பது "பூனை வந்தது". பெரியவர்கள் வாய்விட்டுப் படித்துக் காட்டினால்தான் புத்தகத் தமிழ் பிள்ளையின் காதில் ஏறும். காதில் ஏறிய சொல் கண்ணில் பட்டதும் சட்டென்று பிடிபடும்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிஷம் போதும். பிள்ளை மடியில், விரல் எழுத்தின் மேல். "இன்னொரு தடவை சொல்லும்மா" என்றால் அதே கதையை நாலாவது தடவையும் படிக்க வேண்டியதுதான். அம்மாவுக்கு எழுத்து தெரியாதா? பாதகம் இல்லை. "இந்த யானை என்னடா பண்ணுது?" என்று படத்தைக் காட்டிக் கேட்டால் பிள்ளையே கதை சொல்லும்.

ஆனால், இதற்கெல்லாம் புத்தகம் வீட்டுக்கு வர வேண்டுமே!

பணம் யாருடையது?

சென்னை ராஜதானியில் 1948-ல் பொது நூலகச் சட்டம் வந்தது. இன்று சொத்து வரியில் 100 ரூபாய்க்கு 10 ரூபாய் நூலக வரியாகப் போகிறது. வீட்டுக்காரர் கட்டுகிறார். குடியிருப்பவர் கொடுக்கும் வாடகையிலும் அது அடக்கம். ஆகவே தெருமுனைக் கிளை நூலகம் பிள்ளைகளுக்கும் சொந்தம். ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்கு அழைத்துப் போகிற அப்பா, ஒரு நாள் அங்கேயும் கையைப் பிடித்து அழைத்துப் போகலாம்.

பள்ளிகளுக்கும் புத்தகம் வராமல் இல்லை. 2023-ல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் சின்னச் சின்னப் புத்தகங்கள் அச்சாகி வந்தன. பீரோவுக்குள் இருந்தால் அவை எப்படிப் பறக்கும்?

சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தவர் எஸ்.ஆர்.ரங்கநாதன். 1931-ல் அவர் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் முதலாவது, புத்தகம் இருப்பது பயன்படுத்துவதற்கே என்பதுதான். உலகம் முழுவதும் நூலகர்கள் படிக்கும் பாடம் இது. அவர் பிறந்த மண்ணில் மறக்கலாமா?

அதிகாரிகள் செய்ய வேண்டியது ஒன்றே. ஆண்டுதோறும் இத்தனை புத்தகம் கிழியலாம், தொலையலாம் என்று எழுத்து மூலம் அனுமதி கொடுங்கள். கிழிந்த புத்தகத்துக்கு ஆசிரியரிடம் கணக்குக் கேட்காதீர்கள். கசங்காமல் புதிதாக இருக்கும் புத்தகத்துக்குக் கேளுங்கள்!