அட்டை வருகிறது, மாத்திரை வரவில்லை



"எல்லாம் போனிலேயே இருக்கிறது" என்கிறார்கள். ஆதார் போனில். காப்பீட்டு அட்டை போனில். 2021-இல் நாடெங்கும் கொண்டுவந்த 14 இலக்க சுகாதார எண்ணும் போனில். சரி, இரத்த அழுத்த மாத்திரை எதில் இருக்கிறது?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர், சந்தாபுராவில் நம் சங்கத்துக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு தாய். தர்மபுரிப் பக்கத்து ஊர். இங்கே கார்மெண்ட்ஸ் வேலை. ஊரில் இருந்தவரை வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுத்தார்கள். இப்போது ஊருக்குப் போகும்போது வாங்கி வருகிறார். தீர்ந்துபோனால் நாள் விட்டு நாள் விழுங்குவார். சென்ற தீபாவளிக்கு முன் மிஷின் மேலேயே மயங்கிச் சாய்ந்தார். அதற்கும் அரைநாள் சம்பளம் பிடித்தார்கள். அது தனிக் கதை.

மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கிய இடம் எது தெரியுமா? கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளி, 2021 ஆகஸ்டு 5. ஓசூரைத் தாண்டினால் அந்த ஊர்! நல்ல திட்டம், மறுக்கவில்லை. ஆனால் அது தேடுவது ஊரில் இருப்பவரை. வீட்டைப் பூட்டிவிட்டுப் பிழைக்க வந்தவரை அத்திப்பள்ளி எல்லைக்கு இந்தப் பக்கம் யார் தேடுவது?

கர்நாடக அரசும் 2024 அக்டோபரில் கோலாரில் 'கிருஹ ஆரோக்கியா'வைத் தொடங்கி, 2025-இல் மற்ற மாவட்டங்களுக்கும் விரித்தது. வரவேற்கிறோம். ஆனால் பகல் பதினோரு மணிக்குக் கதவைத் தட்டினால் யார் திறப்பார்? கணவர் ஷிப்டில், மனைவி கார்மெண்ட்ஸில், பிள்ளை பள்ளியில். பூட்டுத்தான் பதில் சொல்லும்.

"ஆயுஷ்மான் அட்டை எந்த மாநிலத்திலும் செல்லுமே" என்று படித்த நண்பர் ஒருவர் என்னோடு வாதாடினார். செல்லும். 2018-இல் வந்த அந்தத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. எப்போது? ஆஸ்பத்திரியில் படுக்கையில் சேர்த்த பிறகு. தினமும் போட வேண்டிய மாத்திரைக்கு அதில் காசு கிடையாது. சில ரூபாய் மாத்திரையைக் கொடுக்காமல் விட்டுவிட்டு, பக்கவாதம் வந்து விழுந்தபின் லட்சத்தை எண்ணிக் கொடுப்பார்களாம். எந்தப் பள்ளிக்கூடத்துக் கணக்கு இது? இ.எஸ்.ஐ. இருக்கிறதே என்பீர்கள். பெயர் பதிந்தவருக்கு இருக்கிறது. காண்ட்ராக்டரின் நோட்டில் மட்டும் பெயர் உள்ளவருக்கு?

நான் கம்ப்யூட்டருக்கு எதிரி அல்ல. அதன் முன்னால்தான் என் பிழைப்பே நடக்கிறது. பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு, சேலத்தில் ஏறிச் சென்னையில் இறங்குகிறவருக்கு டிக்கெட் கொடுக்கிறேன். "நீ சேலத்துக்காரன், அங்கே போய் வாங்கு" என்று சொல்வதில்லை. தர்மபுரியில் எழுதிய மருந்துச் சீட்டைக் காட்டினால் சந்தாபுராவில் ஏன் மாத்திரை கிடைக்கக் கூடாது? அதோடு, முன்பதிவுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது பதிவில்லாத டிக்கெட் ஜன்னலை ரயில்வே செங்கல் வைத்து அடைத்துவிடவில்லை.

தடுப்பூசியில் அப்படித்தான் அடைத்தார்கள். 2021 மே 1 முதல் 18-லிருந்து 44 வயது வரை உள்ளவர்கள் கோவின் தளத்தில் பதிந்தால்தான் ஊசி. ஸ்மார்ட் போன் இல்லாத மேஸ்திரி, சித்தாள் எல்லாம் வெளியே. எதிர்ப்பு கிளம்பியது. மே 24-ஆம் தேதியே அரசு மையங்களில் நேரில் வருவோருக்கும் பதிந்து போடலாம் என்றார்கள். மே முடிவதற்குள் உச்ச நீதிமன்றமும் இதைக் கேள்வி கேட்டது. மூன்றே வாரத்தில் கதவு திறந்ததே! அப்படியானால் பூட்டியது கருவியா, ஆளா?

நாம் கேட்பது சலுகை அல்ல. மாலை ஏழு மணிக்கும் ஞாயிற்றுக்கிழமையும் வீடு தேடி வரட்டும். வாடகை அறையும் லேபர் ஷெட்டும் வீடுதான். எந்த ஊர் என்று கேட்காமல் மாத்திரை கொடுக்கட்டும். தமிழனுக்கு மட்டுமல்ல, நம் பக்கத்து அறையில் இருக்கும் ராய்ச்சூர்க்காரருக்கும் பீகார்க்காரருக்கும் இதே நிலைதான். இரு அரசுகளும் உட்கார்ந்து பேசட்டும். காவிரி அல்லவே இது, பங்கு பிரிக்கச் சண்டை வருவதற்கு!

சங்கம் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறது. உங்கள் வீட்டில் சர்க்கரை, அழுத்தம், காசநோய் மாத்திரை யார் சாப்பிடுகிறார்கள், எங்கே வாங்குகிறார்கள், எத்தனை நாள் விட்டுப்போனது என்று எழுதிக் கொடுங்கள். பெயர் வெளியே போகாது. நூறு வீடு சேர்ந்ததும் அந்த நோட்டோடு ஆனேக்கல் தாலுகா சுகாதார அதிகாரியைப் பார்க்கப் போகிறோம்; லீவு போட முடிந்தவர்கள் கூட வாருங்கள்.