இலையில்லாப் பூந்தோட்டம்

பட்டாம்பூச்சித் தோட்டம் என்று பலகை மாட்டிய இடங்கள் ஊருக்கு ஊர் பெருகிவிட்டன. அடுக்ககம், பள்ளி, பூங்கா எதுவானாலும் செய்முறை ஒன்றுதான்: நர்சரியிலிருந்து இட்லிப்பூ, செண்டுமல்லி, உன்னிச்செடி வாங்கி நடுவது, படம் எடுத்துப் பகிர்வது. பூ இருந்தால் பட்டாம்பூச்சி பெருகும் என்று நம்புகிறோம். பாடப்புத்தகப் படம் தொடங்கி சினிமாப் பாட்டு வரை எல்லாம் அதைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கின்றன.

பூவுக்குப் பட்டாம்பூச்சி வரும்தான். தேன் குடித்துவிட்டுப் போய்விடும். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவர்களை எண்ணி, ஊரின் மக்கள்தொகை கூடிவிட்டது என்று சொல்வோமா? ஓரிடத்தில் ஓர் இனம் பெருகுவதும் அற்றுப்போவதும் முட்டையிட வரும் பெண் பூச்சியைப் பொறுத்தது. அது தேடுவது இலையை. அதிலும் எல்லா இலையும் உதவாது.

கறிவேப்பிலைச் செடியைச் சுற்றும் கறிவேப்பிலை அழகி என்னும் பட்டாம்பூச்சியைக் கொஞ்ச நேரம் கவனித்தால் இது விளங்கும். சிறகை அடித்தபடியே இலைமேல் இறங்கி, முன்கால்களால் படபடவென்று தட்டும். அது ருசி பார்க்கும் வேலை. பெண்ணின் முன்காலில் சுவையுணரும் நுண்மயிர்கள் நெருக்கமாக இருக்கின்றன. பிடித்திருந்தால் வயிற்றை வளைத்து ஒரு முட்டை. இல்லையென்றால் அடுத்த செடி. கறிவேப்பிலையும் எலுமிச்சையும் வில்வமும் நம் கண்ணுக்கு ஒன்றோடொன்று ஒட்டாத செடிகள். தாவரவியலாளர்கள் மூன்றையும் ஒரே குடும்பத்தில் வைத்தார்கள். அந்த உறவு இந்தப் பூச்சியின் காலுக்கு முன்பே தெரியும்; மூன்றிலும் அது முட்டையிடும்.

இதன் சூட்சுமத்தை ஜப்பானியர் நன்றாகத் துருவியிருக்கிறார்கள். அங்கே ஆரஞ்சு வகைச் செடிகளில் முட்டையிடும் ஒரு பட்டாம்பூச்சியை வைத்து, இலைச்சாற்றைப் பிரித்துப் பிரித்துச் சோதித்தார்கள். பிரித்தெடுத்த பொருளைத் தனியே வைத்தால் பூச்சி அவ்வளவாகச் சீந்துவதில்லை. பல பொருள்கள் சேர்ந்த கலவைக்குத்தான் நன்றாக மசிகிறது. அவற்றில் ஒன்று சினெஃப்ரின். அதைச் சுவைக்கும் உணர்வியின் மரபணுவை அடையாளம் கண்டு 2011இல் வெளியிட்டார்கள். அந்த மரபணுவின் வேலையை மட்டுப்படுத்தியபோது, சினெஃப்ரினுக்கு முட்டையிடுவதும் குறைந்தது.

‘தாய்க்குத் தெரியும், குஞ்சுக்கு எது நல்லதென்று’ என உருகுகிறவர்கள் உண்டு. பூ நம்பிக்கையின் கூடப்பிறந்த நம்பிக்கை இது. கடுகு, முட்டைக்கோஸ் இலைகளில் உள்ள சினிக்ரின் என்னும் பொருளைப் பச்சைக் காகிதத்தில் தடவி வைத்தால், முட்டைக்கோஸ் வெள்ளைப் பட்டாம்பூச்சி காகிதத்திலும் முட்டையிடுகிறது. காகிதத்தைத் தின்று எந்தப் புழு பிழைக்கும்? தாயறிவு என்று நாம் கொண்டாடுவது வேதிப்பொருளுக்குக் காட்டும் எதிர்வினை.

இதை ஏமாற்றவும் முடியும். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் ரிச்மண்ட் பறவைச்சிறகுப் பட்டாம்பூச்சி உள்ளூர்க் காட்டுக்கொடி ஒன்றில் முட்டையிட்டு வந்தது. அழகுக்காகத் தென்னமெரிக்காவிலிருந்து அதே குடும்பக் கொடி ஒன்றைக் கொண்டுவந்து வீடுகளில் ஏற்றினார்கள். பெண் பூச்சிகள் அதையும் தட்டிப் பார்த்தன, சரியென்று முட்டையிட்டன. பொரிந்து வந்த புழுக்கள் அந்த இலையைத் தின்று செத்தன. பூச்சி நேசர்கள் வீடு வீடாகப் போய் அந்தக் கொடியைப் பிடுங்கச் சொல்ல வேண்டியதாயிற்று. அதே கொடி நம் நகரத் தோட்டங்களிலும் அழகுக்காக ஏறுகிறது.

அந்தக் கொடிக்கு நம் மண்ணிலும் சொந்தம் உண்டு: ஆடுதீண்டாப்பாளை, கருடக்கொடி. ஆடும் தொடாத கசப்பு நஞ்சு. அந்த நஞ்சே ரோஜா அழகி என்னும் பட்டாம்பூச்சிக்கு முகவரி. புழு நஞ்சைத் தின்று உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. கடித்துப் பார்த்த பறவை மறுமுறை கிட்டே வராது. கறிவேப்பிலை அழகியின் பெண்களில் சில, நஞ்சே இல்லாமல், இந்த ரோஜா அழகியின் வேடத்தில் உலவித் தப்பிக்கின்றன என்பது தனிக் கதை. ஆடுதீண்டாப்பாளையைக் களை என்று வரப்பிலிருந்து செதுக்கி எறிகிறோம். எருக்கையும் அப்படியே வெட்டுகிறோம். வெந்தய வரியன் பட்டாம்பூச்சி முட்டையிடும் செடி அது. வெட்டிய இடத்தில் உன்னிச்செடியை வைத்து, பட்டாம்பூச்சியை வளர்க்கிறோம் என்கிறோம்.

இன்னும் கேலிக்கூத்து, அதே தோட்டங்களில் மருந்து அடிப்பது. இலையில் ஓட்டை விழுந்ததும் தோட்டக்காரரைக் கூப்பிடுகிறார்கள். பறவை எச்சம் போல இலைமேல் ஒட்டிக்கிடக்கும் சின்னப் புழுதான் அவர்கள் பலகையில் வரைந்து வைத்த பட்டாம்பூச்சி என்பது பலருக்குத் தெரிவதில்லை.

‘கறிவேப்பிலை எங்களுக்கும் வேண்டுமே’ என்பார்கள். நியாயம். இரண்டு செடி வைத்து, ஒன்றிலிருக்கும் புழுக்களை மற்றதற்கு மாற்றிவிட்டால் தாளிப்புக்குக் குறை வராது. வளர்ந்த செடி மொட்டையானாலும் திரும்பத் துளிர்க்கும். முட்டையிட வருகிறவையும் இளந்துளிரைத்தான் விரும்புகின்றன. அப்போது கையில் மருந்துத் தெளிப்பான் இல்லாமலிருந்தால் சரி.