பல் நோவும் மாத்திரை மோகமும்

பல் நோவு கண்டவுடன் வைத்தியரை நாடாமல் மருந்துக் கடையை நாடும் வழக்கம் நமது தேசத்தில் வேரூன்றி விட்டது. அமாக்ஸிஸிலின், மெட்ரோனிடஸோல் முதலிய ஆன்டிபயாடிக் மாத்திரைகளில் நான்கைந்தைச் சீட்டின்றி வாங்கி விழுங்குவதும், நோவு தணிந்ததும் மீதியை அலமாரியில் சேமிப்பதும் சகஜமாகி விட்டன. இவ்வழக்கம் நோயைத் தீர்ப்பதன்று. ஜன சமூகம் முழுமைக்கும் கேடு சூழ்வதென்பது நமது திடமான அபிப்பிராயம்.

பல் நோவு பெரும்பாலும் பல்லின் உட்கூழ் அழற்சியுறுவதால் உண்டாகிறது. கூழ் செத்துவிட்டாலோ அங்கே இரத்த ஓட்டம் நின்று விடுகிறது. இரத்தம் செல்லாத இடத்துக்கு மாத்திரை எவ்வாறு செல்லும்? சொத்தையை அகற்றி அடைத்தல், வேர்ச் சிகிச்சை, சீழை வெளியேற்றல், பல்லைப் பிடுங்கல் இவையே பரிகாரம். உடனே பல் சிகிச்சை கிடைக்குமாயின், திடகாத்திரமான பெரியோருக்கு இத்தகைய நோவில் ஆன்டிபயாடிக் பெரும்பாலும் வேண்டுவதில்லை என்றே அமெரிக்கப் பல் வைத்திய சங்கமும் 2019-ல் அறிவுறுத்தியது. காய்ச்சலும், பரவும் முக வீக்கமும், விழுங்கச் சிரமமும் கண்டால் விஷயம் வேறு. அப்பொழுது தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். அங்கே இம்மருந்தே உயிர் காக்கும். அத்தருணத்துக்கு வேண்டிய ஆயுதத்தை அற்ப காரியத்தில் மழுங்கடிக்கலாமா?

பெனிஸிலினைக் கண்டுபிடித்த பிளெமிங், குறைந்த அளவில் அதை உட்கொண்டால் கிருமிகள் அதை எதிர்க்கப் பழகிவிடுமென்று 1945-ல் நோபல் பரிசுச் சொற்பொழிவிலேயே எச்சரித்தார். அவர் அஞ்சியபடியே ஆயிற்று. மருந்துக்கு மசியாத கிருமிகளால் 2019-ல் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் மாண்டனர் என்று நிபுணர் கணித்துள்ளனர்.

பல் வைத்தியருக்குக் கொடுக்கப் பணமில்லாத ஏழை என் செய்வான் என்று கேட்பாருண்டு. நியாயமான கேள்வியே. ஆனால் அதற்கு விடை மாத்திரையன்று. தாலுகாதோறும் சர்க்கார் செலவில் நல்ல பல் சிகிச்சை கிடைக்கச் செய்வதேயாகும். இம்மருந்துகளைச் சீட்டின்றி விற்கலாகாதென்று சட்டம் இருக்கிறது. அது ஏட்டில் உறங்குவதை அதிகாரிகள் அனுமதிக்கலாகாது. கேட்டவர்க்கெல்லாம் சீட்டெழுதும் வைத்தியர்களும் தங்கள் பொறுப்பை உணர வேண்டும். பொது ஊழியம் புரிவோர் இவ்விஷயத்தைக் கிராமந்தோறும் எடுத்துரைத்து, சர்க்காரின் கடமையையும் இடைவிடாது வற்புறுத்துவார்களாக.