100 ஆக்டேன் போட்டால் கார் பறக்குமா?

பங்க்கில் சாதா பெட்ரோலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு பம்ப் இருக்கும். அதில் '100' என்று பெரிதாகப் போட்டிருக்கும். "ரேஸ் காருக்குப் போடுற பெட்ரோல்டா, ஒரு தடவை போட்டுப் பாரு, வண்டி பறக்கும்" என்று சொல்ல ஒரு நண்பரும் இருப்பார். ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவருக்குக் கை பரபரக்கத்தான் செய்யும். ஆனால், அந்த எண் சொல்வது வேகத்தை அல்ல.

ஆக்டேன் என்றால் என்ன?

இன்ஜின் சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் கலந்து அழுத்தப்படுகின்றன. ஸ்பார்க் பிளக் பொறி வைத்ததும் தீ சீராகப் பரவ வேண்டும். அழுத்தமும் சூடும் எல்லை மீறினால், தீ வந்து சேரும் முன்பே மிச்சமிருக்கும் கலவை தானாகவே எரிந்து வெடித்துவிடும். 'டக் டக்' என்று கேட்கும் இதைத்தான் மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்கிறார்கள். தொடர்ந்தால் பிஸ்டனே பழுதாகும்.

இப்படித் தானாக வெடிக்காமல் பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்பதற்கான மதிப்பெண்தான் ஆக்டேன். அது தாங்கும் சக்தி, தரும் சக்தி இல்லை. எத்தனாலையே எடுத்துக்கொள்ளலாம். பெட்ரோலைவிட அதன் ஆக்டேன் அதிகம். ஆனால் லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு.

ரேஸ் காருக்கு மட்டும் எதற்கு?

ரேஸ் இன்ஜின்கள் கலவையை மிகக் கடுமையாக அழுத்துகின்றன. டர்போ, சூப்பர்சார்ஜர் இருந்தால் அழுத்தம் இன்னும் கூடும். சாதா பெட்ரோல் அதைத் தாங்காது. அதாவது, பவரைத் தருவது இன்ஜின் வடிவமைப்பு. அதற்கு இடம் கொடுப்பது மட்டுமே ஆக்டேனின் வேலை.

அமெரிக்காவின் டாட்ஜ் நிறுவனம் 2018 மாடலாக விட்ட 'சேலஞ்சர் டீமன்' இதற்கு நல்ல உதாரணம். பங்க்கில் கிடைக்கும் 91 ஆக்டேனில் 808 ஹார்ஸ்பவர், 100-க்கு மேற்பட்ட ரேஸ் பெட்ரோலில் 840. அதுவும் சும்மா ஊற்றினால் வராது. இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரைத் தனியாக மாற்றி, 'ஹை ஆக்டேன்' பட்டனை அழுத்த வேண்டும். ரேஸ் பெட்ரோலுக்கென்றே தயாரான காரிலேயே கிடைத்தது 32 ஹார்ஸ்பவர்தான், சுமார் 4 சதவீதம். இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அமெரிக்க ஆக்டேன் கணக்கு வேறு. அங்கே 91 என்பது இந்தியக் கணக்கில் ஏறக்குறைய 95.

அப்போ சாதா காருக்கு?

91 ஆக்டேன் போதும் என்று வடிவமைத்த காரில் 100 ஊற்றினால் பவரில் பெரிதாக எதுவும் மாறாது, பர்ஸ்தான் காலியாகும். இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் 'எக்ஸ்பி100' பெட்ரோலை அறிமுகப்படுத்தியபோது டெல்லியில் லிட்டர் விலை 160 ரூபாய். அது அன்றைய சாதா பெட்ரோல் விலையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அதே நேரம், 95 அல்லது 98 கேட்கும் காருக்குக் கஞ்சத்தனம் பார்ப்பதும் தப்பு. நாக்கிங்கை உணர்ந்ததும் சென்சார் பொறி வைக்கும் நேரத்தைத் தள்ளிப்போடும். இன்ஜின் தப்பிக்கும், ஆனால் பிக்கப்பும் மைலேஜும் குறையும். எனவே கேட்க வேண்டியது நண்பரிடம் இல்லை. பெட்ரோல் மூடியின் உள்பக்கத்திலோ மேனுவலிலோ விடை இருக்கிறது.

உண்மையான ஆபத்து எங்கே?

பங்க்கில் விற்கும் 100 ஆக்டேன் ஈயம் இல்லாதது. காசு வீண், அவ்வளவுதான். ஆனால் டிராக்குக்கென்றே டிரம்களில் விற்கும் ரேஸ் பெட்ரோல்களில் சில, ஆக்டேனை ஏற்ற இன்றும் ஈயச் சேர்மத்தைக் கலக்கின்றன. அதைச் சாலையில் ஓடும் காரில் ஊற்றினால் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் ஆக்சிஜன் சென்சாரும் பாழாகும். செலவு காரின் உரிமையாளருக்கு, விஷம் தெருவுக்கே.

ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்ற பாதுகாப்பான அளவே இல்லை என்கிறது உலக சுகாதார அமைப்பு. இந்தியா 2000-இல் ஈயப் பெட்ரோலைக் கைவிட்டது. கடைசி நாடான அல்ஜீரியா நிறுத்தியது 2021-இல்தான். உலகமே பல பத்தாண்டுகள் போராடி விரட்டிய விஷம் ஒருவரின் வீக்எண்ட் ஜாலிக்காகத் திரும்பி வரக் கூடாது.

எண்ணெய் நிறுவனங்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. '100' என்று பெரிதாக எழுதும் பம்ப்பிலேயே, எந்த வகை இன்ஜினுக்கு அது பயன்படும், எதற்குத் தேவையில்லை என்பதையும் தமிழில் ஒரு வரி எழுதி வைக்கலாம். விற்பனை கொஞ்சம் குறையலாம். ஆனால் கூடுதல் விலை கொடுப்பவர் தான் எதை வாங்குகிறோம் என்று தெரிந்துகொண்டு வாங்குவார்.